ஜெபத்தின் நடுவே ஒரு ‘ஆமா’

பக்கத்து வீட்டிலிருந்தே எனக்கு அக்காவான ரோஸி அக்காவுக்கு,

நீ ஆண்டவரிடம் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. காட்டுப்பாக்கத்தில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் இன்னும் குளோரி ஆன்ட்டி வீட்டில்தான். ஜன்னலோரம் நீ உட்காரும் இடத்தில் இப்போது எல்லோரும் பைகளை வைக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே பயந்த என்னை அங்கே ஜெபிக்கச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? “எங்க அப்பாவுக்கு...” என்று தொடங்கி, அடுத்த வார்த்தை வராமல் நின்றேன். நீ கண்ணைத் திறக்காமலே, “ஆமா ஆண்டவரே!” என்றாய், நான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டதைப் போல. அதற்குள் எனக்கு மீதி வந்துவிட்டது.

யார் தடுமாறினாலும் நீ அப்படித்தான். “நடுவுல கத்தாத ரோஸி, அவங்க முடிக்கட்டும்,” என்று ஆன்ட்டி கடிந்துகொண்டால், “தள்ளிவுட்டாத்தான ஆன்ட்டி வண்டி ஸ்டார்ட் ஆவுது,” என்பாய்.

போன வாரம் செல்வி அக்கா என்று ஒருவர் புதிதாக வந்தார். திருவேற்காட்டுப் பக்கம் வீடு. கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இதற்கு முன் எந்தச் சபைக்கும் போனதில்லையாம். ஜெபிக்கச் சொன்னதும் கை கூப்பினார். “சாமி, எங்க ஊட்டுக்காரு எழுந்து உக்காரணும் சாமி...”

“சாமின்னு சொல்லக் கூடாதும்மா. ஆண்டவரேன்னு சொல்லணும்,” என்றார் ஆன்ட்டி. கெட்ட எண்ணமில்லை. அவருக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செல்வி அக்கா நிறுத்திவிட்டார். தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இப்போது எழுந்து போனால் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஜன்னலோரத்திலிருந்து சத்தம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பழக்கம்தான்.

“ஆமா, சாமி,” என்றேன்.

எல்லோருக்கும் கேட்டுவிட்டது. செல்வி அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “ஒரு வாய் கஞ்சியாவது எறங்கணும் சாமி.” அவர் முடித்தபோது ஆன்ட்டியும் ஆமென் சொன்னார். பிறகு டீ கொடுக்கும்போது, “இன்னாடி, ரோஸி வேலைய நீ எடுத்துக்கினியா?” என்று என் தலையில் தட்டினார். கோபமா கேலியா, தெரியவில்லை.

உனக்கு அது கேட்டிருக்குமா, அக்கா?

அடுத்த வெள்ளியும் வருவதாகச் செல்வி அக்கா சொல்லியிருக்கிறார். ஜன்னலோரப் பைகளை எடுத்துவிட்டு அவரை அங்கே உட்கார வைக்கிறேன். பக்கத்தில் நான் இருப்பேன், உன்னைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு, காதைத் திறந்து வைத்துக்கொண்டு.

நீ தள்ளிவிட்டு ஸ்டார்ட் ஆன தங்கச்சி,
பியூலா