ஒன்றரைச் சுற்று குறைந்த ஸ்பிரிங்

மார்ச் 4, புதன்

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் துப்பாக்கிகளில் ஆறைப் பழுது பார்க்கப் பிரித்தேன். ஆறிலும் டிரிகருக்குள் எண்ணெய்க் குளம். கிறீச்சென்றால் எண்ணெய், இறுகினால் எண்ணெய், குறி தப்பினாலும் எண்ணெய். அது தூசியைப் பிடித்துக் களிம்பாகி, ஸ்பிரிங் அதற்குள் புதைந்து கிடக்கிறது. இவர்களுக்கெல்லாம் துப்பாக்கி ஒரு கேடு!

மத்தியானம் மாவீரர் எழுந்தருளினார். அக்காவைக் கட்டியதால் எனக்கு அத்தான். இந்த நோட்டில் மட்டும் மாவீரர். துப்பாக்கியை என் மேசையில் வைத்துவிட்டு, "டிரிகர் தொளதொளன்னு இருக்கு, என்னன்னு பாரு" என்றார். பிரித்தேன். போன மாதம் நானே போட்ட புது ஸ்பிரிங். அதே ரகத்தில் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றரைச் சுற்று குறைகிறது. யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. டிரிகர் பஞ்சு மாதிரி இருக்கணும் என்று வருஷக்கணக்காக என் உயிரை வாங்குகிற ஆள் இவர் ஒருத்தர்தான்.

"வெட்டினீங்களா அத்தான்?"

"நான் ஏன் வெட்டறேன்? தொடவே இல்லையே."

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று ஒரு முகம். வெட்டுப்பட்டதைக் கழிவு டப்பாவில் வீசிவிட்டுப் புதிது போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 5, வியாழன்

தொடவே இல்லையாம்!

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. தட்டில் கை வைத்ததிலிருந்து கை கழுவும்வரை மாவீரர் பேச்சுதான். இருபத்திரண்டாம் தேதி அணித் தேர்வுப் போட்டி. தேர்வாகிவிட்டால் வெளியூரில் பயிற்சி முகாம், வருஷக்கணக்கில். "வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்றவர், அக்கா பக்கம் திரும்பி, "நீ ஆஸ்பத்திரி வேலையை விட்டுடு. அங்க எனக்கு நேரத்துக்குச் சமைச்சுப் போட்டா போதும்" என்றார்.

எத்தனை வருஷம் இரவு ஷிப்ட் பார்த்து இப்போதுதான் வார்டுக்குப் பொறுப்பாகியிருக்கிறாள். அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் பாருங்கள்!

பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் மெல்லக் கேட்டாள்: "போட்டிக்கு முன்னாடி டிரிகர்ல எடை தொங்கவிடுவாங்களே, எத்தனை கிலோ?"

"காலித் துப்பாக்கியில ஒன்றரைக் கிலோ தொங்கவிடுவாங்க. டிரிகர் தாங்கணும். தாங்காம விழுந்துட்டா ஆட்டத்துலயே சேர்க்க மாட்டாங்க."

"ஓ" என்றாள். புருஷன் மேல் எவ்வளவு கரிசனம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மார்ச் 20, வெள்ளி

போட்டிக்கு முந்தைய கடைசிச் சோதனை. மாவீரரின் டிரிகர் மறுபடியும் தொளதொள. காலித் துப்பாக்கியைச் சுடும் நிலைக்கு ஏற்றி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டினேன். டக். உள்ளே கொக்கி நழுவிவிட்டது. விரல் படவே இல்லை. இதில் குண்டு இருந்திருந்தால்? பக்கத்து வரிசையில் எவனாவது குனிந்து நின்றிருந்தால்? இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டுதானே சுட்டிருக்கிறான்! நாசமாப் போறவன், புத்தி கெட்டவன், எவன் குடியைக் கெடுக்கப் பாக்கறான் என்று திட்டிக்கொண்டே ஸ்பிரிங்கை உருவினேன். அதே ஒன்றரைச் சுற்று.

அப்போதுதான் வெட்டிய முனையைப் பார்த்தேன். கடைசி வளையத்தைப் படிய மடக்கி, கல்லில் சமமாகத் தேய்த்திருக்கிறது. விரலால் தடவினால் பிசிறில்லை. கழிவு டப்பாவைக் கவிழ்த்துப் பழையதைத் தேடி எடுத்தேன். அதுவும் அதே கை.

மாவீரருக்குப் பென்சில் சீவ வராது. தொடவே இல்லை என்று சொன்னாரே, உண்மைதான். ஆயுளில் முதல் தடவையாக ஒரு உண்மை பேசியிருக்கிறார், நான்தான் நம்பவில்லை.

இப்படி முனை முடிப்பது எங்கள் அப்பாவின் வழக்கம். பூட்டும் தராசும் பழுது பார்த்தவர். அவர் போய்விட்டார். அவரிடம் கற்றுக்கொண்டது இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தியிடம்தான் மாவீரர் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் அலமாரியின் சாவி இருக்கிறது.

அடிப்பாவி.

மார்ச் 21, சனி

ஆஸ்பத்திரிக்கே போனேன். படுக்கை விரிப்பு மாற்றாத ஊழியரை அக்கா அதட்டிக்கொண்டிருந்தாள். என்ன குரல்! நடைபாதை முனைக்கு இழுத்துப்போய் இரண்டு ஸ்பிரிங்கையும் அவள் கையில் வைத்தேன். மறுக்கவில்லை.

"எடை தொங்கவிட்டா விழணும். அவரைத் திருப்பி அனுப்பணும். அவ்வளவுதான்டி நான் நினைச்சது."

"தரையில தட்டினாலே விழுதுக்கா. குண்டு போட்டுட்டுத் தட்டியிருந்தா?"

அவளுக்குப் பூட்டு ஸ்பிரிங் தெரியும். பூட்டு சுடாதே! முகம் வெளுத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இதுவரைக்கும் இல்ல."

எனக்கு அடக்க முடியவில்லை. "ஒரு வார்டையே ஆட்டி வைக்கற. வீட்டுல 'நான் வரல'ன்னு ரெண்டு வார்த்தை வராது. திருட்டுத்தனமா ஸ்பிரிங் வெட்ட மட்டும் தெரியுது. தூ!"

"சொன்னா கேக்கற ஆளாடி அவரு?"

"கேக்க வேணாம். நீ சொல்லு."

திரும்பி வந்து அந்தத் துப்பாக்கி முன்னால் உட்கார்ந்தேன். குறைந்ததையே மாட்டிவிட்டால் என்ன, எடையில் தோற்று ஒழியட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. சீ! மாவீரரை ஒழிக்க என் வேலையையா கெடுத்துக்கொள்வேன்? புது ஸ்பிரிங், முழு நீளம். எடை தொங்கவிட்டேன். தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

எடை தாங்கியது. மாவீரர் தேர்வாகிவிட்டார். நன்றாகத்தான் சுட்டார், சனியன்.

மார்ச் 23, திங்கள்

காலையில் அக்கா போன். "சொல்லிட்டேன்டி. நான் வரலன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அப்போ என் சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு கேட்டாரு."

அவள்தான் முதலில் சிரித்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாவீரர் இன்று கிளம்பினார், தனியாக. ரயில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். முகாமில் எவனாவது டிரிகரில் எண்ணெய் ஊற்றி வைப்பான் என்று, மாற்று ஸ்பிரிங் இரண்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். திறந்து ஒன்றை எடுத்து, துரை மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முனை ரொம்ப நைஸா இருக்கே! நீ இவ்வளவு சுத்தமா வேலை செய்வியா?"

அக்கா ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீளச் சுருளிலிருந்து வெட்டி, நேற்று என் மேசையில் உட்கார்ந்து தேய்த்தது அவள்தான். அவளை நம்பாமல் இல்லை. இருந்தாலும் டப்பாவில் போடும் முன் அளந்து பார்த்தேன்.

இரண்டும் முழு நீளம்.