இரண்டு டிகிரி கழித்து

மச்சான்,

நேற்று உன் பார்சல் வந்து சேர்ந்தது. உன் மங்கைதான் அனுப்பியிருக்கிறாள். இங்கே ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் பலசரக்குக் கடைதான் தபால் கந்தோர் வேலையையும் பார்க்கிறது. உருளைக்கிழங்குப் பைகளுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று கையெழுத்து வைத்து வாங்கிவந்தேன். உள்ளே, பாட்ஸ்பியோர்டில் நீ போட்ட கம்பளிக் காலுறை ஒன்று. காலுறைக்குள் உன் வெப்பமானி. யன்னலுக்கு வெளியே திருகாணியால் பூட்டுகிற அந்த நீளக் கண்ணாடிக் குழாய். மேலே ஐம்பது, கீழே மைனஸ் ஐம்பது. காலுறையை மூக்கில் வைத்தேன். மீன் மணக்கும் என்று எதிர்பார்த்தேன். புகை மணத்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு புகை மணக்காது என்கிறாள் என் வதனி. அவளுக்கு மணக்கவில்லையாம்.

இன்று காலை அதை என் சமையலறை யன்னலில், என்னுடைய வெப்பமானிக்குப் பக்கத்தில் பூட்டினேன். ஒரே கடையில் ஒரே நாளில் நாமிருவரும் வாங்கியவை. அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்தேன். உன்னுடையது மைனஸ் ஒன்பது. என்னுடையது மைனஸ் பதினொன்று. ஒரே யன்னல், ஒரே காற்று. இரண்டில் ஒன்று முப்பத்தைந்து வருடமாகப் பிழையாகச் சொல்லிவந்திருக்கிறது. அது உன்னுடையதுதான் என்று உடனே முடிவுகட்டினேன். மூன்று நாடு பார்த்தது, ஒரு காட்டுத்தீக்குத் தப்பியது. என்னுடையது இருந்த இடத்திலேயே இருந்தது. இருந்த இடத்திலேயே இருப்பவர்கள்மீது எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. காரணம் உனக்குத் தெரியும்.

நோர்வேயின் வட கோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டினோம். முதல் சம்பளத்தில் மற்றவர்கள் வானொலிப் பெட்டி வாங்கினார்கள். நாம் வெப்பமானி வாங்கினோம். சூரியன் இரண்டு மாதம் விடுமுறையில் போகிற ஊரிலிருந்து வீட்டுக்கு எழுத வேறு செய்தி இருக்கவில்லை. ‘அம்மா, இங்கு இன்று மைனஸ் பத்தொன்பது’ என்று எழுதினால் ஒரு பக்கம் நிரம்பியதுபோல் இருக்கும். அதை அம்மா கோயில்வரை கொண்டுபோய்ச் சொல்லுவா.

பிறகு ஒஸ்லோ. ஹொல்ம்லியாவில் ஒரே கட்டடத்தில் நீ நான்காம் மாடி, நான் இரண்டாம் மாடி. பன்னிரண்டு வருடம் கழிய லண்டனுக்கு வெளிக்கிட்டாய். அந்த நேரம் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் வெளிக்கிட்டார்கள். பிள்ளைகளின் ஆங்கிலம் ஒரு காரணம், கோயில் ஒரு காரணம், கடையில் நின்று தமிழில் கதைக்கலாம் என்பது ஒரு காரணம். “நீயும் வா” என்றாய். “பார்ப்பம்” என்றேன். நோர்வேக்காரரிடம் நான் கற்றுக்கொண்ட முதல் நாகரிகம் அது. அதைச் சொன்னால் யாரும் கோபிக்க முடியாது, யாரும் வரவும் தேவையில்லை. போகும்போது வெப்பமானியையும் கழற்றிக்கொண்டு போனாய்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி. ‘எத்தினை?’ என்பதுதான் நம் வணக்கம். “மைனஸ் பதின்மூண்டு” என்பேன். “இஞ்சை பிளஸ் எட்டு, ரோசாப்பூ நிக்குது” என்பாய். பிளஸ் எட்டு வீட்டுக்கு வெளியிலா உள்ளேயா என்று கேட்பேன். நியாயமான கேள்வி. உன் லண்டன் வீட்டில் யன்னலை மூடினாலும் திரைச்சீலை ஆடும். கை கழுவும் தொட்டியில் சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய். கையைச் சுட்டுக்கொள்வதா விறைக்க விடுவதா என்பதை அந்த நாட்டில் குடிமக்களின் தெரிவுக்கே விட்டிருந்தார்கள். குளியலறைக்குக் கம்பளம் விரித்திருந்தார்கள். சுவரில் பூஞ்சணம் பிடித்தபோது வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் கறி சமைப்பதால்தான் என்று தீர்ப்புச் சொன்னார். இதில் ஒன்றையும் நீ சொல்லவில்லை. மங்கை வதனிக்குச் சொல்ல, வதனி எனக்குச் சொன்னாள். நீ சொன்னது ரோசாப்பூ மட்டும். நானும் பனியில் சறுக்கி மணிக்கட்டை முறித்ததை உன்னிடம் சொல்லவில்லை. வானம் என்ன நீலம் என்று சொன்னேன்.

லண்டன் ஒன்பது வருடத்தில் உனக்குக் கசந்தது. “நீயும் வா” என்றாய் திரும்பவும், இந்த முறை அவுஸ்திரேலியாவுக்கு. பார்ப்பம் என்றேன். மெல்பேர்னுக்கு வெளியே மலையடிவாரத்தில், பின்வளவில் யூக்கலிப்டஸ் மரங்கள் நின்ற வீட்டை வாங்கினாய். லண்டனில் உன் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பது வருடமும் மழையைப் பற்றி மட்டும் கதைத்தார். மெல்பேர்னில் பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளே வேலிக்கு மேலால் எட்டி, பாம்பு பிடிக்கிற ஆளின் இலக்கத்தைத் தந்தார். கறிவேப்பிலைக்கு நாற்பது நிமிடம் கார் ஓடினாய். கேட்டால் “பக்கத்திலைதான்” என்பாய். “லண்டனிலை வெய்யில் எறிச்சா பேப்பரிலை படம் போடுவாங்கள். இஞ்சை வெய்யில் எறிச்சா ரேடியோவிலை எச்சரிக்கை விடுவாங்கள்” என்று பெருமையாகச் சொன்னாய், அந்த எச்சரிக்கையை நீயே விட்டதுபோல. அங்கே குளிர்காலமான ஆனி மாதத்தில் அந்த வீட்டுக்குள் பன்னிரண்டு டிகிரி என்பதும், மங்கை படுக்கப் போகும்போதும் மேலங்கியைக் கழற்றுவதில்லை என்பதும் வதனி வழியாகவே வந்தன. தங்கள் நாட்டில் குளிரென்று ஒன்று இருப்பதை அவுஸ்திரேலியர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் வீட்டைச் சூடாக்கவும் மாட்டார்கள்.

வெப்பமானியை முதலில் வடக்குச் சுவரில் பூட்டினாய், இங்கே எங்களுக்கு நிழல் வடக்கில் என்பதால். அங்கே சூரியன் வடக்கால் போகும் என்பது அது ஐம்பதை முட்டியபோதுதான் தெரிந்தது. தெற்குக்கு மாற்றினாய். நான் சிரித்தேன். “நீ சிரி. உன்ரை கணக்கிலை நான் எப்பவும் ரெண்டைக் கழிச்சுத்தான் எடுக்கிறனான்” என்றாய். அதை அடிக்கடி சொல்வாய். என்னைப் புளுகன் என்று சொல்ல நீ கண்டுபிடித்த மரியாதையான வழி என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு தை மாதம், உனக்கு நடுக் கோடை, ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மங்கை எடுத்தாள். ஞாயிறு தவிர வேறு நாளில் உன் வீட்டிலிருந்து அழைப்பு வந்ததே இல்லை.

“அண்ணை, மலைக்கு அங்காலை நெருப்பு. எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்கள். நானும் பிள்ளையும் காருக்குள்ளை இருக்கிறம். இவர் கூரையிலை ஏறி நிண்டு பைப்பாலை தண்ணி அடிக்கிறார். இறங்க மாட்டாராம். நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்.”

நான் சொல்லி நீ கேட்டதாக எனக்கு ஒரு நினைவும் இல்லை. இருந்தாலும் உன் கைபேசிக்கு எடுத்தேன். நெடுநேரம் அடித்தது.

“எத்தினை?” என்றாய். கூரையில் நின்றுகொண்டு.

“மைனஸ் பதினெட்டு. உனக்கு?”

“நாப்பத்து மூண்டு. வானம் செம்மஞ்சள். வடிவா இருக்கு மச்சான்.”

“இறங்கடா.”

“ஏன்? உன்ரை பதினெட்டிலை ரெண்டைக் கழிச்சா பதினாறு. அது ஒரு குளிரே? நீ பேசாமல் வேலைக்குப் போ.”

“மங்கை காருக்குள்ளை அழுறாள்.”

“அவள் லண்டனிலையும்தான் அழுதவள்.”

தகரத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு சைரன். உன் மூச்சு இரைத்தது. பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்டிராத குரலில் சொன்னாய்:

“ஒருக்கா ஊரிலை வீட்டைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றுக்குள்ளை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனான். ரெண்டு நாளிலை திரும்பலாம் எண்டவை. திறப்பு இப்பவும் என்னட்டை இருக்கு, வீடு இல்லை. இனி நான் ஒரு இடமும் வெளிக்கிட மாட்டன். நீ ஒருக்கா ஓடிப்போட்டு இருந்திட்டாய். உனக்கு இது விளங்காது.”

வீடு போனால் திரும்பக் கட்டலாம், உயிர் முக்கியம், பிள்ளையை நினை: சொல்ல வேண்டியவை எல்லாம் வரிசையாக வாய்க்குள் நின்றன. எல்லாம் உண்மை. ஒன்றுகூட உன்னை ஏணிவரை கொண்டுவராது என்று தெரிந்தது.

“நாங்கள் வாறம்” என்றேன்.

“எங்கை?”

“அங்கைதான். வீட்டை வித்துப்போட்டு வாறம். மார்ச்சிலை. ஞாயிறு சொல்லுவம் எண்டு இருந்தனான். நீ கூரையோடை கருகிப் போனா நான் அங்கை வந்து ஆரோடை சண்டை பிடிக்கிறது? அந்தத் தெர்மாமீற்றரையும் கழட்டிக்கொண்டு வெளிக்கிடு. நான் வரேக்கை அது வேணும்.”

“பொய் சொல்லுறாய்.”

“வதனியைக் கேள்.”

வதனி தேநீர்க் கோப்பையுடன் எனக்கு முன்னால் நின்றாள். தொலைபேசியை நீட்டினேன். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே “ஓம் அண்ணை, வாறம்” என்றாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. “ஸ்குறூ டிரைவரை எங்கை வைச்சனோ தெரியேல்லை” என்று நீ சொல்வது கேட்டது. அதோடு தொடர்பு அறுந்தது.

நெருப்பு வந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதனை ஸ்குறூ டிரைவர் தேட அனுப்பிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்ப எடுத்தேன். மங்கைக்கு எடுத்தேன். இரண்டும் வேலை செய்யவில்லை. மூன்று மணித்தியாலம் இந்த யன்னலடியில் நின்றேன். பார்க்க வேறொன்றும் இல்லாததால் வெப்பமானியைப் பார்த்தேன். கீழே பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவர் பனியை வழித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சவளைத் தூக்கிக் காட்டி, “என்ன அருமையான காலநிலை!” என்று கூவினார். ஆமென்று தலையாட்டினேன்.

“உண்மையாவோ?” என்று வதனி கேட்டாள்.

“அவனை இறக்கத்தான் சொன்னனான்.”

அவள் ஆறிப்போன தேநீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். என் பொய்யை நம்பிய முதல் ஆள் அவள் என்று அப்போதுதான் தெரிந்தது.

பத்தேகாலுக்கு மங்கையின் செய்தி வந்தது. ‘பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறம். மூண்டு பேரும்.’ கூடவே ஒரு படம். மடக்குக் கதிரையில் நீ, முகமெல்லாம் கரி, மடியில் காலுறை, காலுறைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் கண்ணாடிக் குழாய். பள்ளிக்கூடத்துக்குள் எத்தனை டிகிரி என்று பார்க்கிற பார்வை.

காற்று திரும்பியதால் உன் வீடு தப்பியது. பக்கத்து வீட்டுக் கொட்டில்தான் எரிந்தது. அடுத்த ஞாயிறு எனக்கு நன்றி சொல்வாய் என்று காத்திருந்தேன். “கூரையிலையே நிண்டிருந்தாலும் எனக்கு ஒண்டும் நடந்திராது. சும்மா இறக்கிப்போட்டாய்” என்றாய். “சரி, மார்ச்சிலை எத்தினையாம் திகதி?”

அந்த மார்ச்சில் என் முழங்கால் சரியில்லை. அடுத்த மார்ச்சில் சின்ன மகள் சோதனை எழுதினாள். அதற்கடுத்ததில் பேரன் பிறந்தான். ஒரு மார்ச்சில் காரணம் ஒன்றும் கிடைக்காமல், வேலையிடத்தில் விடமாட்டார்கள் என்றேன். அங்கே என் இடத்தில் ஏற்கெனவே ஒரு மெசினை வைத்துவிட்டிருந்தார்கள். நீ அதற்குள் ஓர் அறைக்கு வர்ணம் அடித்துவிட்டாய். கட்டில் வாங்கினாய். தடித்த திரைச்சீலை போட்டாய். ஒவ்வொன்றுக்கும் படம் அனுப்பினாய். விருந்தாளி யாராவது அங்கே படுக்கக் கேட்டால் “அது அவையின்ரை அறை” என்று கூடத்தில் பாய் போட்டுக் கொடுப்பாயாம். ஞாயிறுகளில் ‘எத்தினை?’ என்பதற்குப் பிறகு ‘எப்ப?’ என்று இன்னொரு கேள்வி சேர்ந்தது. பார்ப்பம் என்றேன். ‘பொய் சொல்லுறாய்’ என்று அதன்பிறகு நீ ஒருபோதும் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

போன ஆவணியில் உன் இதயம் நின்றது. செத்தவீட்டை இந்தச் சமையலறை மேசையில் இருந்து கைபேசியில் பார்த்தேன். உன்னைச் சுற்றி நின்றவர்கள் தடித்த மேலங்கியோடு கைகளைக் கக்கத்துக்குள் வைத்திருந்தார்கள். உன்னைக் கேட்டிருந்தால் ‘பிளஸ் பதினெட்டு, பூ நிக்குது’ என்றிருப்பாய்.

இன்று ஞாயிறு. ஒன்பது மணி ஆனது, தொலைபேசி அடிக்கவில்லை. உன் வெப்பமானியின் பிழையை உறுதிசெய்வோம் என்று கைபேசியில் பார்த்தேன். மைனஸ் ஒன்பது. நம்பாமல் கீழே இறங்கிப் போய் நோர்வேக் கிழவரின் யன்னலைப் பார்த்தேன். மைனஸ் ஒன்பது. பனியில் நின்றபோது எல்லாம் நினைவுக்கு வந்தது. பாட்ஸ்பியோர்ட் கடையில் அன்று கடைசி இரண்டுதான் மிச்சம் இருந்தன. கடையின் சூட்டில் ஒன்று இருபது காட்டியது, மற்றது பதினெட்டு. இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றை என் கையில் வைத்தாய். “உனக்குத்தான் பெருமை கூட வேணும். நீ பதினெட்டை எடு. நான் ரெண்டைக் கழிச்சுக் கேக்கிறன்.”

நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. அத்தனை வருடமும் ஒவ்வொரு ஞாயிறும் கழித்தாய். நெருப்புக்கு முன்னால் நின்றும் கழித்தாய். என் பேச்சில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள், நான் வருகிறேன் என்று சொன்னதற்கு ஸ்குறூ டிரைவர் தேடினாய். தெரிந்துதான் இறங்கினாயா? தெரிந்துகொண்டா வர்ணம் அடித்தாய்? யன்னலில் நின்று யோசித்தேன். எப்படிக் கணக்குப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாக வரவில்லை.

காலுறையின் அடியில் மங்கை ஒரு துண்டு வைத்திருந்தாள். ‘அண்ணை, அறை அப்பிடியே கிடக்கு. என்ன செய்ய?’

என் வெப்பமானியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். வதனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எத்தினை?” என்றாள். அவள் அதுவரை என்னிடம் கேட்டிராத கேள்வி.

“மைனஸ் ஒன்பது.”

“எப்ப?”

“மார்ச்சிலை” என்றேன்.

“டிக்கெற்றை இப்ப எடுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

எடுத்தேன். இரண்டு பேருக்கு. பெயரையும் திகதியையும் அவள் இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்தாள். பிறகு மங்கைக்கு எடுத்து, “ஓம், வாறம்” என்றாள். அன்று கூரைக்குச் சொன்ன அதே சொல். இன்று கூரையில் ஒருவரும் நிற்கவில்லை.

உன் காலுறையைத் துவைக்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இதில் எதையும் கழிக்காதே, மச்சான்.