மூன்றாம் வரிசைப் புள்ளி

மாப்பிள்ளை,

நீ தந்த சாண் உயரத் தொலைக்காட்சி ஏரியல் இப்போது பிரிக்பீல்ட்ஸ் வீட்டு ஜன்னலில் ராஜகம்பீரமாக வீற்றிருக்கிறது. புதுமனை விழாவுக்கு வெள்ளி விளக்கோடு வருவாய் என்று மலேசியாவே காத்திருக்க, என் தங்கையைக் கட்டியவன் நாளிதழில் சுற்றி நீட்டியது இதை. அன்றிலிருந்து போன வாரம்வரை அதில் சாவிக்கொத்துதான் தொங்கியது.

என் கூரையில்தான் செயற்கைக்கோள் தட்டு இருந்ததே! ஐராவதம் படுத்து உருளலாம், அவ்வளவு பெரிய தட்டு. சந்தா கட்டினால் பொழுது விடியும்வரை புரட்டினாலும் தீராத அலைவரிசைகள். நீயோ கிள்ளானில் அரசாங்கத் தொலைக்காட்சியே கதியென்று கிடந்தாய். "ஓசி டிவி" என்று நான் வாயைத் திறந்தால் போதும்.

"பில்லு வரலன்னா ஓசியா மச்சான்? நம்ம வரிப்பணத்துல நடக்குது. நான் அதுக்கு மொதலாளி லா!"

முதலாளியேதான். அந்த நிலையத்தின் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்குப் பார்வையாளனாகப் போய், அரங்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்து, "என் செவுத்துக்கு பெயிண்ட் பத்தலையே" என்று காவலாளியிடம் குறைசொன்னவன் அல்லவா நீ? ஒளிபரப்பானபோது மூன்றாம் வரிசையில் வெளிறிய புள்ளியொன்று தெரிந்தது. "அது நான்" என்றாய். "அது நாற்காலி" என்றேன். உலகப் போர்களெல்லாம் இந்த வழக்கைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கின்றன.

நீ கண்ணை மூடியபிறகுதான் உறைத்தது, நீ அசைகிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கைப்பேசியை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாயே! அந்தப் பழைய நிகழ்ச்சியை உன் நிலையத்தின் ஹெச்.டி. அலைவரிசையில் மறுபடி போடுகிறார்கள் என்றதும் தங்கை கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள்.

"உங்க டிவிதான் பெருசுண்ணே. ஒரு தடவ அவர நல்லா பாத்துர்றேன்."

நிகழ்ச்சி தொடங்கும் நேரம் பார்த்து மழை பிடித்தது. ஐராவதத் தட்டு அந்த நிமிடமே உயிரை விட்டது. திரையில் கும்மிருட்டு.

"அவரு குடுத்த ஏரியல் எங்கண்ணே?" என்றாள்.

சாவிகளைப் பிடுங்கி எறிந்து, ஏரியலைத் தொலைக்காட்சியில் செருகினேன். வெளியே வானம் கிழிந்து கொட்டிக்கொண்டிருக்க, உன் நிலையம் கண்ணாடிபோல் வந்து நின்றது. அறிவிப்பாளரின் மூக்குத்தியில் விளக்குகள் மின்னின. ஒரு கொசு அங்கே உட்கார்ந்திருந்தால் அதன் மீசையும் தெரிந்திருக்கும்.

பிறகு பழைய நிகழ்ச்சி வந்தது. அதே மங்கல். மூன்றாம் வரிசையில் அதே புள்ளி.

"என்னண்ணே, தெளிவா தெரியும்னீங்க?"

"பழைய டேப்பும்மா. அன்னைக்கி எடுத்ததுதான இன்னைக்கி வரும்?"

இன்றைய கொசுவுக்கு மீசை காட்டுகிற தொழில்நுட்பம், அன்றைய மனிதனுக்கு ஒரு மூக்குகூட வரையாதாம். இது என்ன நியாயம் மாப்பிள்ளை? முதலாளி நீதான் விளக்க வேண்டும்.

பாட்டு முடிந்தது. அரங்கமே கைதட்டி ஓய்ந்தது. அப்புறம் தனியாக, நிதானமாக, 'டப்... டப்.' புள்ளி அசைந்தது.

தங்கை எழுந்து திரைக்கருகே போய்விட்டாள். "அவருதாண்ணே! வேற யாரு இப்பிடித் தட்டுவா?"

கல்யாண வீடோ கோயில் கச்சேரியோ, ஊர் ஓய்ந்தபின் தட்டுகிற ஒரே ஆத்மா நீதானே. கேட்டால், "பாடுனவரு மூச்சு விட்டுக்கட்டும் மச்சான்" என்பாய். அவள் திரையில் கைவைத்து நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணாடியிலும் அப்போது மழை.

நான் சந்தா கட்டிய அலைவரிசைகளில் நட்சத்திரங்கள் ஜொலித்தார்கள். கிள்ளான்காரன் ஒருவன் கைதட்டியதைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்காமலே திருப்பித் தந்தது உன் நிலையம்தான். வழக்கில் நான் தோற்றேன், மாப்பிள்ளை. நாற்காலி கைதட்டாது.

நேற்று இங்கே மண்டபத்தில் ஒரு கச்சேரி. எல்லாரும் ஓய்ந்தபிறகு என் கைகள் தாமாகவே இரண்டு தட்டு தட்டின. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நான் நாற்காலிபோல் அசையாமல் இருந்துகொண்டேன்.