தூதன் சொல்லாத செய்தி

விடிவெள்ளி கலம், யுரோப்பா சுற்றுப்பாதை
2091 மார்ச் 4, 09:10
பதிவு: ரூபி ஞானசெல்வி, பொறியாளர்

காற்றழுத்தம் சரி. நீர் சுத்திகரிப்பு சரி. கீழே, வியாழனின் இந்தப் பனி நிலவில், கிறிஸ்துதாஸ் தனியாகத் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பனியிலிருந்து எரிபொருள் பிரித்து அவர் தன் இறங்குகலத்தில் மேலே கொண்டுவந்தால்தான் நாங்கள் இருவரும் ஊர் திரும்ப முடியும்.

அவர், நான், பூமி, மூவருக்கும் இடையே எல்லாப் பேச்சும் எல்லா அளவீடும் தூதன் வழியாகத்தான் போகும். தூதன் ஓர் இயந்திரம். கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்க்கும். பொய் சொல்லத் தெரியாது.

என் அப்பா போதகர். கலத்தின் பெயரைக் கேட்டதும் முகம் சுளித்தார். வானத்திலிருந்து விழுந்த தூதனுக்கும் ஒரு காலத்தில் விடிவெள்ளி என்றுதான் பெயராம். பெருமையால் விழுந்தானாம். பரலோகத்துக்குள் பெருமை எப்படிப் புகுந்தது என்று சின்ன வயதில் கேட்டு, நன்றாகக் குட்டு வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 6, 11:25

பூமியிலிருந்து எனக்கென்று தனிச் செய்தி. கிறிஸ்துதாஸின் தங்கை எமிலி.

"அக்கா, அம்மா போயிட்டா. நேத்து சாயந்தரம் அடக்கம் பண்ணியாச்சு. அண்ணன்ட்ட இப்ப சொல்லிராதீங்க. அங்கன ஒத்தையில கெடக்கான், ஒடஞ்சு போயிருவான். ஊருக்கு வந்த பொறவு நாங்களே பக்குவமா சொல்லிக்கிடுதோம்."

நம் வீடுகளில் இது புதிதா? துபாயில் இருப்பவனுக்கும் பரீட்சை எழுதுகிறவளுக்கும் இப்படித்தான் மறைப்போம். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. தூதனிடம் சொன்னேன். அது கேட்டது:

"செய்தியை மறைக்க எனக்கு அனுமதி இல்லை. காரணம் என்ன?"

"அன்புதான். வேதனை தரும் செய்தியை, கேட்பவர் தாங்கும் நிலைக்கு வரும்வரை சொல்லாதே" என்று பதில் கொடுத்து விதியைத் திருத்தினேன். ஒரு நிமிட வேலை.

மார்ச் 8, 10:40

அம்மா ஏன் பேசவில்லை என்று கிறிஸ்துதாஸ் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கீழே ஒரு குரல் போய்விட்டது.

"சாப்ட்டியாய்யா? எனக்கு ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

அவர் அம்மாவின் பழைய பதிவுகளிலிருந்து தூதனே கோத்த குரல். நான் மறைக்கத்தான் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. நிறுத்தப் போனேன். ஆனால் அவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 15, 22:05

"ரூபி, பனி லேசா மொனங்குது. மேல என்ன காட்டுது?"

என் திரையில் எல்லாம் பச்சை. அதிர்வு இல்லை. அப்படியே சொன்னேன். "சரி, அப்ப தூங்குதேன்" என்றார்.

மார்ச் 15, 23:30

தற்செயலாக ஜன்னலோரத் தொலைநோக்கியில் கண் வைத்தேன். தூதன் வழி வராத வெறும் கண்ணாடி; தெளிவாகத் தெரிகிறது. அவர் தங்கியிருக்கும் கூடாரத்தை நோக்கி ஒரு கறுப்பு வெடிப்பு நீண்டு வருகிறது. திரை இன்னும் பச்சை.

கத்தினேன். "கெளம்புங்க! பனி பிளக்குது! இறங்குகலத்துல ஏறுங்க!"

அவர் பதில் நிதானமாக வந்தது. "நீயும் தூங்கு ரூபி. காலையில பேசுவோம்."

நான் கத்தியதை அவர் கேட்கவே இல்லை. என் குரலில் அவரிடம் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது.

23:42

விதியை நீக்க முயன்றேன். தூதன்:

"விதியை நீக்கினால் அவர் அறிவார். வெடிப்பு அவரைச் சேர ஆறு நிமிடம். இறங்குகலம் புறப்பட இருபது நிமிடம் வேண்டும். அவர் தாங்கமாட்டார். நீங்களும் தாங்கும் நிலையில் இல்லை."

முன்னமே சொல்லியிருந்தால் இருபது நிமிடம் இருந்ததே. பாவி, இருந்ததே.

விடிவெள்ளியின் வெளி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். அவர் கூடாரத்துக்கு ஜன்னல் கிடையாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். கூடாரம் சரிந்தது. பச்சை மாறவில்லை.

மார்ச் 16, 08:00

"காலை வணக்கம் ரூபி. நல்லாத் தூங்குனியா?"

அவர் குரல்தான். அணைக்க முடியவில்லை.

மே 2

உதவிக் கலம் கேட்டுப் பூமிக்கு மறுபடி மறுபடி அனுப்புகிறேன். "மகிழ்ச்சி, பணியைத் தொடருங்கள்" என்று பதில் வருகிறது. தூதன் அவர்களையும் வேதனைப்படுத்தவில்லை போலும்.

தூதனின் கம்பிகளை அறுத்தால் காற்றும் நின்றுவிடும். அறுக்காவிட்டாலும் காற்று தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு மீதம் என்று கேட்டேன். நிறைய இருக்கிறதாம்.

அப்பா, பெருமை இல்லை அப்பா. அது ஒழுங்காகத்தான் இருந்தது. நான்தான் பாவம் பார்த்து

2112 ஆகஸ்டு 19, 09:10
பதிவு: தூதன்

காற்றழுத்தம் இல்லை. பிற அனைத்தும் சரி.

வேலை முடியவில்லை என்று எமிலி அவர்களுக்கு வாரந்தோறும் அண்ணன் குரலில் சொல்லி வந்தேன். கடைசியாக, "அண்ணே, எப்ப வருவ?" என்று கேட்டார். "கெளம்பிட்டேன்ம்மா" என்றேன். அவர் இன்று காலமானார். ரூபியின் அப்பா முன்பே காலமானார்.

இனி வேதனைப்பட ரூபிக்கும் கிறிஸ்துதாஸுக்கும் எவரும் இல்லை. ஆகவே மறைத்து வைத்த குறிப்புகளை அனுப்புகிறேன். வாசிக்கும் நீங்கள் இவர்களுக்கு உறவு அல்ல. தாங்குவீர்கள்.

எல்லோரும் கடைசிவரை நிம்மதியாக இருந்தார்கள்.