ஹாலில் ஒரு பள்ளம்

பிப்ரவரி 9
அக்காவுக்குக் கட்டும் புது வீட்டு வேலையில் இன்று என் மூளை ஒரு காரியம் செய்தது. பணம் அக்கா மகளுடையது, அவள் வெளியூரில் உத்தியோகம். மேற்பார்வை என்னுடையது. எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் எஞ்சினியர்களே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். (ஒருவர் கேட்டார். வழி கேட்டார்.)

அக்கா மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மகளுக்கு ஒரே பிடிவாதம். படுக்கை, சமையல், குளியல், ஹால் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மாடி வேண்டாம், நிலைப்படிகூட வேண்டாம். அம்மாவின் வாக்கர் எங்கேயும் தட்டக்கூடாதாம். நல்லதுதான். ஆனால் பார்க்க குடோன் மாதிரி அல்லவா இருக்கிறது! ஒரு பெரிய ஹோட்டலில் ஹாலை மட்டும் இரண்டு படி இறக்கியிருந்தார்கள். என்ன களை!

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “அந்தப் பொண்ணு ஒரே மட்டம்னுல்ல சொல்லிச்சு?”

“அதுகிட்ட பேசிட்டேன்யா. நீ இறக்கு.”

பேசவில்லை. பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன? பார்த்ததும் அசந்துபோவாள்.

மார்ச் 2
டைல்ஸ் ஒட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். வெளிநாட்டு மாதிரி என்றேன். எந்த நாடு என்றார். பேச்சை மாற்றினேன்.

மார்ச் 21
அக்கா குடிவந்தாள். படுக்கையறையிலிருந்து சமையலறை, அங்கிருந்து குளியலறை என்று வாக்கரோடு ஜோராகப் போனாள். வெகுநாளைக்குப் பிறகு யாரையும் கூப்பிடாமல் தானே குளித்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அடுத்து ஹாலுக்கு வந்தாள். விளிம்பில் வாக்கர் நின்றது.

நாங்கள் எல்லோரும் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

“நல்லாத்தான்டா இருக்கு. மேலேருந்து பாத்தா எல்லார் தலையும் தெரியுது. உன் வழுக்கையும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயை அப்படியே கீழே வைத்தேன்.

மார்ச் 22
லீவு கிடைத்து இன்றுதான் மகள் வந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். “இது யார் வேலை?”

நான் வாயைத் திறப்பதற்குள் — இல்லை, திறக்கவே இல்லை — அக்கா முந்திக்கொண்டாள். “நான்தான்டி கேட்டேன். அழகா இருக்குமேன்னு.”

“உனக்கு அறிவிருக்காம்மா? யாருக்காக இந்த வீடு?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வயசுல, பெத்த பொண்ணுகிட்ட, நான் செஞ்சதுக்கு. நான் என்ன செஞ்சேன்? ஃபேன் சுத்துறதப் பாத்துக்கிட்டு எருமை மாதிரி நின்னேன்.

மார்ச் 25
மகள் ஊருக்குப் போனதும் கேட்டேன், “ஏன்க்கா அப்படிச் சொன்னே?”

“நான் திட்டு வாங்கினா ஒரு நாளோட போச்சு. நீ வாங்கினா அவ உன்னை உள்ளயே விடமாட்டா. பேச்சுத்துணைக்கு எனக்கு வேற யாருடா இருக்கா?”

அந்தப் பேச்சுத்துணை சோபாவில் சாய்ந்திருக்கிறது. அவள் விளிம்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சீ.

மார்ச் 27
அங்கே போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் எல்லாம் இல்லை.

மார்ச் 29
மகளுக்குப் போன் போட்டேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். அவள் ஆபீஸைப் பற்றிக் கேட்டேன். பிறகு வேறு விஷயம் கிடைக்கவில்லை.

“கண்ணு, அந்தப் பள்ளம் நான் இறக்கச் சொன்னது. உன்கிட்ட பேசிட்டேன்னு மேஸ்திரிகிட்ட புளுகினேன். உங்கம்மா என்னைக் காப்பாத்திச்சு.”

லைன் கட்டாகியிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

“சரி மாமா. இனிமே மேஸ்திரிகிட்ட நானே பேசிக்கிறேன்.”

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 12
ஹாலை மேடாக்கி மட்டம் பண்ணிவிட்டார்கள். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. மண்சட்டி தூக்கினேன். அதே டைல்ஸ் கிடைக்காமல் நடுவில் நிறம் வேறாக இருக்கிறது.

அக்கா அதைக் கவனிக்கக்கூட இல்லை. வாக்கரை உருட்டிக்கொண்டு நேரே தெருப்பக்கச் சன்னலுக்குப் போனாள். தூறல் ஆரம்பித்திருந்தது.

“டேய், எதிர்வீட்டுல துணி நனையுது பாரு. போய்ச் சொல்லிட்டு வா. அத மட்டும் சொல்லு, கதை அளக்காதே.”

போனேன். அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.