பாக்கி ஒன்பது அடி

அக்டோபர் 24, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. இரண்டாம் பூசை முடிந்தபோது நின்றது.

இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள் மதலேன், உபதேசியார் சவரி அண்ணன். நாலு பேர். வேறு யாரும் இல்லை. சவரி அண்ணன் என் பெரியவன் அந்துவானின் நாற்காலியில் உட்காரப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கொண்டுவந்தது ஒரு தாள். வருஷா வருஷம் தருவதுதான். சகல ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் வாசிக்க, மரித்த நம்மவர்கள் பெயர்களை எழுதி ஒன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் சாமியிடம் சேர்க்க வேண்டும். அப்பா, அம்மா, மாமனார், மாமியார், இரண்டு வயதில் போன என் சின்னவன் லூயி. ஐந்து பெயர். எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

"இன்னொண்ணு?" என்றார் என் வீட்டுக்காரர். தாளைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

"இன்னொண்ணு இல்லைங்க."

சவரி அண்ணன் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, காணலைன்னு காகிதம் வந்து ஏழு மாசம் ஆச்சு. விட்ட கைதிங்க லிஸ்ட்லயும் புள்ள பேர் இல்ல. நாம குடுக்கலைன்னா அந்த ஆத்துமாவுக்கு யாரு வேண்டிக்குவா?"

"உசுரோட இருக்கிறவனுக்கு மரித்தோர் பூசை வச்சா அது என்ன பாவம் அண்ணே? அத சொல்லுங்க."

 மதலேன் கொடியில் துணி எடுக்கப் போகிறேன் என்று எழுந்து போனாள். கொடியில் துணியே இல்லை.

அரிசி டின் பாதி. சமையலறை ஒழுக்கு இரண்டு இடம்.

அக்டோபர் 25, திங்கள்

வெயில். ஐந்து மெத்தை உறை, மூன்று சட்டை. அந்துவானின் வெள்ளைச் சட்டையை மறுபடி துவைத்துக் கஞ்சி போட்டேன். யாரும் போடாத சட்டை ஏன் அழுக்காகிறது என்று மதலேன் கேட்டாள். அலமாரித் தூசி என்றேன்.

அந்துவானைப் பற்றிப் பிரெஞ்சுப் பட்டாளம் அனுப்பிய காகிதத்தை இன்றும் எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போகாதவள், காரைக்காலில் செபப் புத்தகத்தை வைத்துத் தமிழ் எழுத்தும், கடல் கடந்து இங்கே வந்தபின் டப்பா, பாட்டில், கப்பல் சீட்டு இதையெல்லாம் வைத்துப் பிரெஞ்சு எழுத்தும் நானாகக் கூட்டிப் படித்தேன். அந்தக் காகிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். 'திஸ்பாரு.' காணவில்லை. செத்தான் என்று அவர்களுக்கே எழுதக் கை வரவில்லை. நான் எப்படி எழுதுவேன்?

பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் வைத்திருந்த குடும்பம் என்பதால்தான் அவனை வடக்கே தோன்கின் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காகிதத்தை எத்தனை பெருமையாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தோம். பேப்பரை இப்போது பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கண்ணாடி மட்டும் சுவரில்.

மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரம். பின்கட்டில் டொக். கொஞ்சம் விட்டு டொக். எழுந்து போய்ப் பார்த்தேன். அந்துவான் பந்தடித்துப் பழக அவன் அப்பா செய்த இரும்புக் கொக்கு சாக்குப் போர்வைக்குள் அப்படியே நிற்கிறது. அதன் பந்து மாதா சுரூபத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் பூட்டில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

அக்டோபர் 27, புதன்

மந்தாரம். பென் தான் சந்தைக்குப் போனேன். நாடு பிரிந்தபின் வடக்கேயிருந்து வந்து இறங்கிய சனங்கள் இன்னும் பள்ளிக்கூட முற்றத்தில். அவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரு தாய் மண்ணெண்ணெய் டின்னில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அந்துவான் படத்தைக் காட்டிக் கேட்டேன். பார்த்தாள், தலையை ஆட்டினாள், படத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துத் திருப்பித் தந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மீன்காரியிடம் சண்டை. என் வீட்டுக்காரர் கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் தராசு பழுது பார்ப்பவர். இருபத்தாறு வருஷம். அவர் மனைவிக்கே கள்ள எடை.

பக்கத்து வீட்டு சீ ஹாய் வேலி ஓரம் கூப்பிட்டாள். சந்தோஷ முகம். "மகன் வந்துட்டானா? சொல்லவே இல்லையே. மத்தியானம் பந்து அடிக்கிற சத்தம் கேட்டுச்சு!"

என் கையில் இருந்த முருங்கைக்கீரை கீழே விழுந்துவிட்டது. அவளும் முகம் மாறி உள்ளே போனாள். பிறகு மதலேனிடம் ஒரு கட்டு ஊதுபத்தி கொடுத்தனுப்பியிருக்கிறாள். செத்தவர்களுக்குக் கொளுத்துவது அவர்கள் வழக்கம். ஊதுபத்தியைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை, கொளுத்தவும் மனமில்லை. உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "துறைமுகத்துல கம்பம் அடிக்கிறானுங்க. அந்தச் சத்தம்" என்றார்.

"எந்த நேரத்துல அடிக்கிறாங்க?"

"காலையில."

"எங்களுக்குக் கேட்டது மத்தியானம்."

மீனைத் தொடாமல் எழுந்தார்.

அக்டோபர் 28, வியாழன்

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் மனதைச் சோதித்து எழுதிவைப்பது என் வழக்கம். இதை எட்டு மாதமாக எழுதாமல் இருக்கிறேன். இன்று எழுதுகிறேன்.

அந்துவானுக்கு டென்னிசில் ரெவேர் வராது. மட்டையைப் புறங்கையாகத் திருப்பி அடிக்கிற அடி. சுங்க ஆபீசு விளையாட்டு மன்றத்தில் அதனாலேயே தோற்றான். கூட ஆட ஆள் கிடைப்பது ஞாயிறு மட்டும். அவன் அப்பா சொன்னார்: ஆள் இல்லாமலே திரும்பி வருகிற பந்து செய்கிறேன்.

செய்த வரிசை:
முதலாவது, சரிவுப் பலகை அடித்த பெட்டி. பந்து சீ ஹாய் வீட்டுக் குழம்புச் சட்டிக்குள் போனது.
இரண்டாவது, கழுத்தில் ஈயம் சுற்றிய மட்டை. மணிக்கட்டு வீங்கி நான்கு நாள் ஒத்தடம்.
மூன்றாவது, கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பந்து. இரண்டே அடியில் கம்பத்தைச் சுற்றிக்கொண்டது.
நான்காவது, கயிற்றுக்குப் பதில் சைக்கிள் டியூப். திரும்பி வந்த வேகத்தில் நெற்றியில் புடைப்பு. "எப்பா, பந்துக்கு எம்மேல என்ன கோவம்?" என்றான். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.
ஐந்தாவதுதான் கொக்கு. கழித்துப்போட்ட மூட்டைத் தராசின் இரும்புத் தூண் ஒற்றைக் கால். மேலே நீட்டிய கை கழுத்து. கழுத்து நுனியிலிருந்து ஒரு ரப்பர், அடியிலிருந்து ஒரு ரப்பர், நடுவே இடுப்பு உயரத்தில் பந்து. வேகத்தை அடக்க ஒரு தராசுச் சுருள்வில். பந்துக்குத் தோல் உறை தைத்தது நான். அடித்தால் போகும், மூச்சு விடுகிற நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

மன்றத்துத் துரை வந்து பார்த்துவிட்டு, பிரான்சில்கூட இப்படிப் பார்த்ததில்லை, எனக்கு ஒன்று வேண்டும் என்றார். இவர் "இன்னும் சோதனை முடியலை" என்று சொல்லிவிட்டார்.

என் பாவம் இது. எத்தனை அடி என்று எண்ண ஆள் வேண்டும் என்றான். எண்ணிக்கை என்றால் நான்தானே. நூறு வரை வாயால் எண்ணினால் உலையில் கவனம் தப்புகிறது. செபமாலையை எடுத்தேன். அடிக்கு ஒரு மணி. ஐம்பத்து மூன்று மணி ஆனால் ஒரு சுற்று. மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்ல வேண்டிய மணியில் பந்தை எண்ணினேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். இப்போது மந்திரம் சொல்ல மணியைத் தொட்டால் ஒவ்வொரு மணியும் டொக் என்கிறது. மாதா முகம் வரவில்லை. அவன் முழங்கை வருகிறது.

புறப்பட்ட அன்று காலையும் அடித்தான். பட்டாளச் சட்டையோடு. நாற்பத்து நாலாவது அடியில் மேல் ரப்பர் அறுந்து, கீழ் ரப்பரிலிருந்தும் கழன்று பந்து வேலி தாண்டியது. வண்டி வந்துவிட்டது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி, "பாக்கி ஒம்போது அடிய வந்து அடிக்கிறேன். கணக்குல வையுங்கம்மா, மறந்துறப் போறீங்க" என்றான்.

வைத்தேன். நோட்டில் இருக்கிறது. 44. பாக்கி 9.

பாக்கி உள்ளவன் பெயரை மரித்தோர் தாளில் எழுத என்னால் ஆகாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அதைவிட மோசம்.

அக்டோபர் 30, சனி

புழுக்கம். ஈசல்.

துரை செவ்வாய்க்கிழமைக் கப்பலில் ஊரோடு போகிறாராம். கொக்கை எடுத்துக்கொண்டு போகக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். இவர் சரி என்றிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால் சாக்கைக் கழற்றிவிட்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். புது டியூப் வாங்கி வந்து பட்டையாக அறுத்து மேல் ரப்பரும் கட்டியாயிற்று. எட்டு மாதமாகத் தொடாத கை.

"கொக்க குடுத்தா அவன் வந்து எத அடிப்பான்?"

"வந்தா வேற செய்வேன்."

"வந்தான்னா? வந்தா என்னங்க வந்தா?"

எண்ணெய்க் கந்தலை மடித்தார், திரும்ப விரித்தார். "நோட்ட நானும் பாத்தேன். கடைசிப் பக்கம்." புது ரப்பரை இழுத்துப் பார்த்தார். "ஒம்போது அடி. அத நான் அடிச்சு முடிச்சிடறேன். கணக்கு தீந்துடும். பேர எழுதிடு. எனக்குத் தாங்கல. மத்தியானத்துல எனக்கும் கேக்குது, கிடங்குலயும் கேக்குது. அவன் நிம்மதியா போவட்டும், விடு."

அவருக்கும் கேட்கிறது. மூன்று பேருக்கு.

அக்டோபர் 31, ஞாயிறு

நாள் முழுதும் மழை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். அடிக்க முடியவில்லை. மழைக்கு மாதாவுக்கு நன்றி சொன்னேன். செபமாலை பதினோராம் மணியோடு நின்றது.

நவம்பர் 1, திங்கள். சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள்

மழை இல்லை. அதற்கு நான் என்ன செய்ய.

பூசை. வந்து கோழிக் குழம்பு. மூன்று பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று மணிக்கு "பந்தக் கொண்டா" என்றார். அலமாரியைத் திறந்து கொடுத்தேன். மாட்டினார். அந்துவானின் மட்டை. மதலேன் துவைகல்லில் உட்கார்ந்தாள். நான் படியில், செபமாலையோடு. வேறு எதில் எண்ணுவேன்?

முதல் அடி பந்தில் படவே இல்லை.

"ஒண்ணு" என்றார்.

"பட்டாத்தானே கணக்கு? தராசுல வைக்காமயே எடை சொல்ற ஆளா நீங்க?" என்றேன்.

"அப்பா, மட்டைய கரண்டி மாதிரி புடிச்சிருக்கீங்க" என்றாள் மதலேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த முற்றத்தில் சிரிப்பு. சிரித்துவிட்டு மூவருமே பயந்துபோனோம்.

பிறகு பட்டது. ஒன்று. இரண்டு. பந்து போய்த் திரும்பி வந்தது. மூன்றாவதுக்கு அவர் கையை அவன் மாதிரியே திருப்பினார். ரெவேர். எங்கே கற்றார்? ஜன்னலில் நின்று பார்த்திருப்பார். நாலு, ஐந்து, ஆறு. வியர்வை கண்ணில் வழிந்தது, வியர்வைதான் என்று வைத்துக்கொள்கிறேன். சீ ஹாய் வேலிக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றிருந்தாள். ஏழு. எட்டு.

ஒன்பது.

டொக் என்று முழுதாகக் கேட்டது. ஒன்பதாவது மணி என் விரலுக்கு நடுவில்.

"எட்டு" என்றேன்.

மதலேன் "அம்மா..." என்று வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். இந்த மனுஷன் முத்திரை போட்ட தராசு இந்தத் துறைமுகத்தில் பொய் சொன்னதில்லை.

"எட்டுதான்" என்றார். பந்து தானாக ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். மட்டையைச் சுவரில் சாய்த்தார். சாக்கை எடுத்துப் போர்த்தினார். "மதலேன், தொறை வீட்டுக்குப் போய், கொக்கு தர்றதுக்கில்லன்னு சொல்லிட்டு வா. இன்னும் சோதனை முடியலை."

நோட்டில் எழுதினேன். 44, 8. பாக்கி 1. நான் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய்க் கணக்கு. மை காய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் செபமாலை சொன்னேன். ஐம்பத்து மூன்றும் சொல்லி முடிந்தது. டொக் ஒன்றுகூட இல்லை. மத்தியானத்திலிருந்தே பின்கட்டில் சத்தம் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சாமிக்கு எழுதி மதலேனிடம் கொடுத்ததன் நகல்:

சர்வேசுரனுக்குத் தோத்திரம், சாமி. காரைக்காலில் இருந்தவர் என்பதால் உங்களுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன். மரித்தோர் தாளில் ஐந்து பெயர் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆறாவது வரி காலி. அதைக் கிழிக்க வேண்டாம். செபமாலையில் என் மகன் அடித்த பந்தை எண்ணினேன். இன்று அவன் அப்பா அடித்த ஒன்பதை எட்டு என்றேன். அவரும் எட்டு என்றார். அவர் பங்குப் பொய்யும் என்னால் வந்தது. ஒரு அடி பாக்கி இருக்கும்வரை அந்துவானை உயிரோடு இருக்கிறவர்களுக்கான வேண்டுதலில் வாசிக்கலாமா, கூடாதா? கூடாது என்றால் ஆறாவது வரியை உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள், நான் எழுத மாட்டேன். மதலேன் விடியலில் கோவில் வாசலில் நிற்பாள். நாளை முதல் பூசை மணிக்கு முன் பதில் சொல்லி அனுப்புங்கள்.