சுருதி இறங்கிய குரல்

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், நேற்று கம்பம்மெட்டுக் கடைத்தெருவில் வாங்கிய இயர்போனைத்தான் காதில் மாட்டினேன். ஒயர் வைத்த மலிவு வகை. "ரெண்டு மாசம் தாங்குனாப் பெருசும்மா," என்று மகள் ஜெனி சிரித்தாள். ஒயர் சேலையில் உரசினால் காதுக்குள் கரகரக்கிறது. தாளத்தின் கனம் வருவதில்லை. ஆனால் மனிதக் குரல்கள் தனித்தனியாகக் கேட்கின்றன. அதுதான் வினையாகப் போயிற்று.

சோதித்துப் பார்க்க, புதன்கிழமை கோயிலில் எங்கள் பாடற்குழு செய்த ஒத்திகையைப் போட்டேன். போனில் நானே பதிவு செய்தது. மூன்றாவது அடியின் உச்சத்தில் ஒரு குரல் சுருதி இறங்குகிறது. இதே இடத்தில் இறங்குவது எங்களோடு பாடும் ஸ்டெல்லா அக்காதான் என்று போன மாதம் பாஸ்டரிடம் சொன்னவள் நான். அக்காவைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமை அக்கா அங்கே இல்லவே இல்லை. மூன்று முறை கேட்டேன். என் குரல்தான்.

மத்தியானம் ரேஷன் கடையில் ஸ்டெல்லா அக்கா எதிரே வந்தார்கள். ஞாயிறு பள்ளி எடுப்பதால் அவர்களுக்கு நான் டீச்சர்.

"என்ன டீச்சரு, நான் இல்லாமப் பாட்டு தேனா ஒழுகுதாக்கும்?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"இருபது வருசமாப் பாடுன வாயி, சும்மா இருக்குமா? இப்ப ஏலக்காய்க் காட்டுல பாடுறேன். காலுல ஏறுற அட்டைதான் கேக்குது."

அங்கேயே சொல்லியிருக்கலாம். அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு ஆராதனைக்கு முன்னால், குழு முழுவதும் நிற்கும்போது, சுருதி தப்பிய குரல் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு என்னைப் பாட வேண்டாம் என்றாலும் சரி. வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.